கோதுமை பழுக்கும் திசை

ஒக்லஹோமாவிலிருந்து ஹாப்குட் போன் செய்தார். வருடா வருடம் செய்வதுதான். பேச்சு அதிகம் இருக்காது. தன் வயலில் உருவிய கோதுமை மணியை வாயில் போட்டு, போனைத் தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் வண்டிகள் கிளம்பலாம். சத்தமில்லாமல் நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும்.

"கேட்டுச்சா, லோரன்?"

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு? சும்மா சொல்லாத."

"உடஞ்சுது."

"அதான பாத்தேன். போன வருசம் உன் பொண்டாட்டிதான் போனை எடுத்தா. சரியா கேக்கல, இன்னொண்ணு கடிங்க, இன்னொண்ணு கடிங்கன்னு சொல்லிச் சொல்லி என் கடவாப்பல்லையே ஆட்டி விட்டுட்டா. அப்புறம் ஒரே சிரிப்பு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. போனில் காற்று மட்டும் இரைந்தது. அந்தப் பக்கம் எங்கோ ஒரு பறவை கூவியது.

"தப்பா எடுத்துக்காதப்பா. கெழவன் வாய், சும்மா இருக்க மாட்டேங்குது."

"பரவால்ல. சனிக்கெழம காலைல கிளம்பிருவோம்."

லோரன் போனை மாட்டினான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே பஞ்சு மரங்கள் விதை விட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைப் பஞ்சு தரையிலும் படாமல் மேலேயும் போகாமல் இடையில் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜனவரியிலிருந்து அப்படித்தான். சத்தங்கள் அவனிடம் தாமதமாக வந்து சேர்ந்தன, கிணற்றுக்குள் இருப்பவனுக்கு மேலே பேசுவது கேட்பதுபோல.

அவன் மனைவி டார்லா ஜனவரியில் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மண் உறைந்து கிடந்தது. குழி வெட்ட வந்தவர்கள் இரண்டு முறை காபி குடிக்கப் போய் வந்தார்கள்.

நெப்ராஸ்காவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் லோரனின் ஊரிலிருந்து ஐந்தாறு குடும்பங்கள் கோடையில் அறுப்புக்குப் போகும். தெற்கே கோதுமை முதலில் பழுக்கும். பழுப்பு நிறம் ஒவ்வொரு மாநிலமாக வடக்கே ஏறி வரும். அறுப்பு இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு, சமைக்கவும் படுக்கவும் வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு ஒக்லஹோமாவில் தொடங்கி கனடா எல்லைவரைக்கும் அந்த நிறத்தின் பின்னாலேயே போவார்கள். திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். லோரனின் அப்பா அப்படிப் போனார். லோரன் போனான். கல்யாணமான பிறகு டார்லா போனாள். மகள் ஷெல்லி பிறந்த மூன்றாவது வாரத்தில் ஒரு தகரத் தொட்டியில் படுத்துக்கொண்டு போனாள்.

இந்த வருடம் ஷெல்லி போவதாக இல்லை. அவளுக்கு ஏழு வயது. டார்லாவின் அக்கா மார்லிஸ் ஈஸ்டர் விருந்தன்று அதை முடிவு செய்தாள். "கோடை முழுக்க எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். லோரன் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே "சரி" என்றான். அந்த மாதங்களில் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னான். ஷெல்லியை யாரும் கேட்கவில்லை. அவள் தட்டிலிருந்த பட்டாணியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளீட்டஸ் வந்துவிட்டார். லோரனின் அப்பா காலத்திலிருந்து லாரி ஓட்டுகிறவர். வாயில் ஒரு தீக்குச்சி எப்போதும் இருக்கும். அவர் கூடவே ராய்ஸ் வந்தான். இருபத்திரண்டு வயது, கதவை அடைக்கும் உடம்பு, பேச்சு குறைவு.

அறுப்பு இயந்திரம் கொட்டகைக்கு வெளியே நின்றது. லோரன் அதற்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் அடித்தான். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வந்தது. புதியது வரும்வரை அடித்துத் துணியால் துடைத்தான். அந்த வேலை பிடித்திருந்தது. எங்கே எத்தனை என்று கைக்கே தெரியும். தலை வேண்டியதில்லை.

"முதலாளி, சமையலுக்கு என்ன பண்றோம்?" கிளீட்டஸ் வெளியிலிருந்து குனிந்து கேட்டார். லோரன் தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்தவர். முதலாளி என்பது கிண்டல்தான்.

"ஆளுக்கு ஒரு நாள் சமைப்போம்."

"ராய்ஸும் சமைப்பானா?"

"சமைப்பேன்" என்றான் ராய்ஸ்.

"என்னடா சமைப்ப?"

ராய்ஸ் நன்றாக யோசித்தான். "டோஸ்ட்."

"கடவுளே. கனடா போறதுக்குள்ள என் பேண்ட் தனியா போகும், நான் தனியா போவேன்."

"நீங்க என்ன சமைப்பீங்க?"

"பீன்ஸ் டின்னைத் தொறப்பேன். தொறந்து சூடு பண்ணுவேன். ரெண்டு வேலை அது. உன்னோடது ஒரு வேலைதான், ரொட்டியை உள்ள போடறது. வெளிய அதுவா குதிச்சு வரும்."

லோரனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்த இடம் தெரிந்தது, அது வெளியே வரவில்லை. கிளீட்டஸ் அவன் பூட்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் இயந்திரத்தை லோரனின் லாரி ட்ரெய்லரில் ஏற்றினார்கள். சாலையின் ஒரு தடத்துக்குள் அது அடங்காது, இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். அதனால் ஓரங்களில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். சூரியன் வந்த பிறகுதான் சாலையில் ஏறலாம், விழுவதற்குள் இறங்கிவிட வேண்டும். கதிர் வெட்டும் முன்பகுதியைத் தனியே கழற்றி கிளீட்டஸின் லாரிக்குப் பின்னால் மாட்டினார்கள். டீசல் டாங்கும் கருவிப் பெட்டிகளும் ராய்ஸின் லாரிக்கு. சங்கிலியை இறுக்கி, ஒரு சுற்று வந்து, மறுபடி இறுக்கினார்கள். வெயில் இதமாக இருந்தது. லைலாக் பூவின் வாசமும் டீசல் வாசமும் கலந்து வந்தன. கலந்தே வந்து பழகியதால் எது எதுவென்று பிரிக்கத் தோன்றவில்லை.

*

சாயங்காலம் மார்லிஸ் இரண்டு பெரிய தட்டுகளோடு காரில் வந்து இறங்கினாள். கொத்துக்கறியும் முட்டைக்கோசும் உள்ளே வைத்துச் சுட்ட பன். வழிக்கு. மார்லிஸ் உயரமானவள். தங்கைக்கும் அவளுக்கும் ஒரு தலை வித்தியாசம். பண்ணையில் பிறந்து பண்ணையில் வாக்கப்பட்டவள். லோரனும் அவளும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள்.

"வீட்டு வண்டியத் தொறந்தியா?"

"இல்ல."

"எப்ப தொறக்கறதா இருக்க? ஒக்லஹோமாலயா?"

அவளே போய்த் திறந்தாள். செப்டம்பரில் பூட்டியது. உள்ளே காற்று அப்படியே இருந்தது. தட்டுகளுக்கு நடுவே துண்டுகள், அலமாரிக் கதவுகளில் துணி மாட்டும் கிளிப், உப்பு டப்பாவின் வாயில் ஒட்டுப் பட்டை. சாலையில் எதுவும் ஆடாமல் சிந்தாமல் இருக்க டார்லா செய்து வைத்தது. மார்லிஸ் பன்களை வைக்க ஒரு கதவைத் திறந்தாள். மூடினாள். வெறுமனே நின்றாள்.

லோரன் வாசலில் நின்றுகொண்டு, "ஐஸ் பெட்டில வச்சிரு" என்றான்.

"அவ்வளவுதானா?"

"என்ன?"

"இதையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கற. உனக்கு ஒண்ணுமே பண்ணலயா?"

அவன் படியில் ஒட்டியிருந்த மண்ணைப் பூட்ஸால் தட்டிவிட்டான்.

"நான் சண்டைக்கு வரல, லோரன். ஆனா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அடக்கம் பண்ணின மறுநாள் டிராக்டர் பேட்டரிய மாத்தின. அவ பேரைச் சொல்லி நான் கேட்டே மாசக்கணக்காச்சு. அவ போனது உனக்கு ரொம்ப சுலபமா எறங்கிருச்சு, ஒரு வேலையாள் நின்னுட்ட மாதிரி. அந்தப் புள்ள இப்படி ஒரு மனுசன் பக்கத்துல உக்காந்து மொத்த தேசத்தையும் சுத்தி வரணுமா? அதுகூட ஒருத்தர் பேசணும். சிரிக்கணும். திட்டவாவது செய்யணும்."

"சரி" என்றான்.

"பாத்தியா" என்றாள் மார்லிஸ். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு சின்ன லாரியான பிக்கப்பைப் பின்னால் எடுத்து வீட்டு வண்டியில் கோத்தான். விளக்குகளைச் சரிபார்க்கப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். ஷெல்லி சொல்லாமலே வந்து நின்றாள்.

"இடது" என்று கத்தினான்.

"எரியுது."

"வலது."

"எரியுது."

"பிரேக்."

"ரெண்டும் எரியுது. அப்பா, பெரியம்மா வீட்ல நாய்க்குட்டி போட்டிருக்கு."

"அப்படியா?"

"அஞ்சு. ஒண்ணுக்கு நான் பேர் வைக்கலாம்னாங்க."

"என்ன பேர் வைக்கப் போற?"

"தெரியல." மூக்கில் பட்ட பஞ்சை ஊதிவிட்டு, "மொன்டானால நாம அறுக்கற வயல்காரத் தாத்தாவோட குதிரை இன்னும் இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்."

"அவர் என்னைக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பிரேக்கில் கால் வைத்தபடி லோரன் கண்ணாடியில் பார்த்தான். சிவப்பு வெளிச்சத்தில் அவள் நின்றாள். தலையிலும் தோளிலும் பஞ்சு படிந்திருந்தது. உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த வாக்கியம் நெஞ்சுவரைக்கும் முழுதாக வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து மேலே எறியும் கல்போல அங்கேயே நின்று, திரும்பி விழுந்துவிட்டது.

"பெரியம்மா வீட்ல இருக்கான்னு சொல்வேன்."

"சரி" என்றாள் ஷெல்லி. அவனைப் போலவே சொன்னாள்.

*

காலையில் மூடுபனி. ஓடையிலிருந்து எழுந்து முற்றத்தில் பால்போல நின்றது. வண்டிகள் வரிசையாக நிற்பது இன்ஜின் உறுமலில்தான் தெரிந்தது. நான்கையும் லோரனே முன்னதாக வந்து, ஒவ்வொன்றாக ஏறி உசுப்பி, சூடாகட்டும் என்று விட்டிருந்தான். கிளீட்டஸ் வந்தார், தன் லாரியில் ஏறினார். ராய்ஸ் வந்தான், ஒரு கையில் பன், தன் லாரியில் ஏறினான். மார்லிஸ் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காரில் ஷெல்லியின் பெட்டி ஏற்கெனவே ஏறியிருந்தது.

கிழக்கே பனி ரோஜா நிறமானது. லோரன் தன் லாரியில் ஏறி ரேடியோ மைக்கை எடுத்தான். முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு வண்டியும் குரல் கொடுக்க வேண்டும். கடைசி வண்டி சொன்ன பிறகுதான் முதல் வண்டி உருளும். அவன் அப்பா ஏற்படுத்தியது.

"ஒண்ணு ரெடி" என்றான்.

"ரெண்டு ரெடி. ராய்ஸு, வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு."

"மூணு ரெடி."

லோரன் கியரில் கை வைத்துக் காத்திருந்தான். ரேடியோ மெல்ல இரைந்தது. அவன் மனதில் எந்தக் குழப்பமும் இல்லை. இன்னும் ஒரு குரல் வர வேண்டும். வரும். எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், ஏதாவதொரு கிளிப்பை மாட்ட மறந்து, திரும்பப் போய் மாட்டிவிட்டு ஓடிவந்து ஏறுவாள். பனி ஜன்னலை உரசிக்கொண்டு போனது. தூக்கத்தில் இருப்பதுபோல நிம்மதியாக இருந்தது.

மைக் சொடுக்கியது.

"நாலு ரெடி" என்றது ஷெல்லியின் குரல். "பின்னாடி எல்லாம் சரி. ஆனா அப்பா, இதுல ஓட்டறதுக்கு ஆள் இல்ல."

பிறகு கிளீட்டஸ், மெதுவாக: "முதலாளி, வீட்டு வண்டிய யார் ஓட்டறதா பேச்சு?"

லோரன் மைக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"நான் மார்லிஸ் யாரையோ பாத்து வச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றார் கிளீட்டஸ். "ராய்ஸு, உங்கிட்ட ஏதும் சொன்னாங்களா?"

"விளக்கு எரிஞ்சுது. யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்."

லோரன் இறங்கினான். கிளீட்டஸின் லாரியையும் ராய்ஸின் லாரியையும் தொட்டுக்கொண்டே பனிக்குள் பின்னால் நடந்தான். பிக்கப் கடைசியில் உறுமிக்கொண்டு நின்றது. ஷெல்லி தன் வழக்கமான பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் காலி.

மார்லிஸ் சாவிக்கொத்தோடு வந்தாள். "ஏன் நிக்கறீங்க? இவ ஏன் இங்க ஏறினா?" காலி இருக்கையைப் பார்த்தாள். "ஆள் எங்க?"

"போடல."

"போடலன்னா?"

"நான் ஆளை எண்ணினேன், மார்லிஸ். பல தடவ எண்ணினேன். நான், கிளீட்டஸ், ராய்ஸு. சரியாத்தான் வந்துது. எப்பவும் அப்படித்தான் எண்ணுவேன். இந்த வண்டிக்கு எண்ணினதே இல்ல. இது தானா பின்னாடி வந்துட்டிருக்கும்."

"வீட்டு வண்டிய நேத்து நீதான கோத்த?"

"ஆமா. கோத்தேன். வெளக்கு பாத்தேன். இப்பக்கூட நானே வந்து இன்ஜினைப் போட்டேன்." அவன் கை கதவில் இருந்தது. "இறங்கி முன்னாடி போயிட்டேன். டார்லா வந்து ஏறிக்குவான்னு."

பெயர் வெளியே வந்துவிட்டது. அது வந்த சத்தம் அவனுக்குத் தாமதமில்லாமல் கேட்டது.

மார்லிஸ் பிக்கப்பின் படியில் உட்கார்ந்தாள். சாவியை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அவகூட போன்ல பேசுவேன்ல. இன்னும் நம்பரைச் சுத்தறேன். கடைசி நம்பர்கிட்ட வந்துதான் கைய எடுக்கறேன். என் புருசன் வெர்ன்கிட்டகூட சொன்னதில்ல."

"சுத்தி முடிச்சிரு. நான் எடுக்கறேன்."

"நீ எடுத்து என்ன சொல்வ? சரின்னு சொல்வ."

கிளீட்டஸும் ராய்ஸும் கொஞ்சம் தள்ளி வந்து நின்றிருந்தார்கள். கிளீட்டஸ் தீக்குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லோரன் ஜன்னல் வழியாகக் குனிந்தான். "ஷெல்லி, அறுப்புக்கு வர்றியா?"

"நாய்க்குட்டி?"

"அது வளர்ந்திருக்கும், திரும்பி வரும்போது."

"நான் ஏறி உக்காந்துட்டேனேப்பா" என்றாள், இதைக்கூடப் பார்க்க முடியவில்லையா என்பதுபோல.

அவன் நிமிர்ந்தான். "மார்லிஸ், இவளக் கூட்டிட்டுப் போறேன். சரின்னு சொன்னது தப்பு."

"ஓட்ட ஆளைக் காணோம், பொண்ணக் கூட்டிட்டுப் போறாராம்" என்றாள் மார்லிஸ். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "ஒக்லஹோமால ஆள் கெடைக்கிற வரைக்கும் நான் ஓட்டறேன். ஊர் ஊரா வண்டி ஓட்டிச் சமைக்கற பொம்பளைங்க அங்க இருப்பாங்க. கெடைச்சதும் பஸ் புடிச்சு வந்துருவேன். ராய்ஸு, என் கார்லருந்து அவ பெட்டிய எடுத்துட்டு வா."

"டோஸ்ட்டுலருந்து தப்பிச்சோம்" என்றார் கிளீட்டஸ்.

அவள் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்ப் போன் செய்தாள். திறந்த கதவு வழியாகக் கேட்டது. "வெர்ன், நான்தான். இல்ல, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ஒக்லஹோமா போறேன். இல்ல, வெளயாடல. ஃப்ரீசர்ல பன் இருக்கு. கோழிக்குத் தண்ணி மாத்து. ஏன்னா, ஏன்னு சொன்னா அழுதுருவேன், அதனால ஏன்னு கேக்காத. நாய்க்குட்டிங்கள வெளிய விடாத. சரி. நானுந்தான். வைக்கறேன்."

பனி கலைந்துகொண்டிருந்தது. வேலியின் கம்பிகள் தெரிந்தன. பிறகு அதற்கப்பால் சாலை. லோரன் தன் லாரிக்கு நடந்து போனான். இந்த முறை நான்கு குரல்களும் வந்தன. கடைசிக் குரல் இரண்டு பேருடையதாக, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து வந்தது.

லாரி உருண்டது.

ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. தானியக் கிடங்கைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினார்கள். எதிரே வந்த ஒரு கார் கொடிகளைப் பார்த்துப் புல்லோரம் ஒதுங்கியது. ஓட்டியவர் தொப்பியைத் தூக்கினார். சாலை மேடும் பள்ளமுமாகப் போனது. மேட்டில் ஏறும்போது கண்ணாடியில் கடைசி வண்டி வெள்ளையாகத் தெரியும். பள்ளத்தில் மறையும். மறுபடி எழும்பி வரும்.

ரேடியோ சொடுக்கியது.

"லோரன், இந்த சீட்டு அவ வச்ச எடத்துலயே இருக்கு. என் முட்டி ஸ்டீயரிங்ல இடிக்குது."

"அடியில ஒரு கம்பி இருக்கும். இழுத்தா பின்னாடி போகும்."

வெகுநேரம் இரைச்சல் மட்டும்.

"தெரியும்" என்றாள் மார்லிஸ்.

நேற்றுச் சாயங்காலம் அந்த வண்டியைப் பின்னால் எடுத்தபோது அவனும் முட்டி இடிக்கத்தான் உட்கார்ந்திருந்தான். இன்று காலை இன்ஜினைப் போட்டபோதும். அவன் கையும் கம்பிப் பக்கம் போகவில்லை.

வெயில் ஏறியது. பாலத்தைக் கடந்தார்கள். கேன்சஸ் எல்லைப் பலகை வந்து போனது. இரண்டு பக்கமும் கோதுமை இன்னும் பச்சையாக நின்றது. காற்று அதன் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டு போனது.

"அப்பா." ஷெல்லியின் குரல். "பெரியம்மா சீட்டப் பின்னாடி தள்ளிட்டாங்க. நானும் சேந்து இழுத்தேன்."

லோரன் மைக்கை எடுத்தான். பொத்தானை அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

"நல்லது" என்றான்.

டார்லா வைத்த இடத்தில் இனி அந்த சீட்டு இல்லை. கொஞ்ச தூரத்தில் அவன் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தானாக எழுந்தது. லாரி மெதுவானது. பின்னால் கிளீட்டஸ் மெதுவானார், ராய்ஸ் மெதுவானான், கடைசியில் வீட்டு வண்டியும். ஏன் என்று ரேடியோவில் ஒருவரும் கேட்கவில்லை. அவன் மறுபடி காலை அழுத்தும்வரை நான்கு வண்டிகளும் அந்தப் பச்சைக்கு நடுவே நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.